ஒரு விரிப்பின் அளவு இடம்

வாசகர் கேள்வி – பதில்

விமான நிலைய லவுஞ்சில் உணவு மேசைக்கு அருகே ஒருவர் தொழுதுகொண்டிருந்ததைக் கண்ட வாசகர் ஒருவர், "இது முறைதானா?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். "பிறருக்கு இடையூறு இல்லையென்றால் முறைதான்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் உணர்த்தின. நாள்தோறும் தவறாமல் வழிபடுகிறவர்கள், எந்த வழிபாடும் இல்லாதவர்கள், லவுஞ்சில் பணிபுரிகிறவர் ஒருவர் எனப் பல தரப்பினரும் எழுதியிருந்தாலும், எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: இடையூறு என்பது எது, அதை யார் தீர்மானிப்பது? ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: இரண்டு விமானங்களுக்கு இடையே ஏழு மணி நேரம் லவுஞ்சில் இருந்தேன். தொழுகை அறை எதுவும் கண்ணில் படவில்லை. நேரம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில், கழிவறைக்குச் செல்லும் வழியருகே கொஞ்சம் இடம் இருந்ததைப் பார்த்து விரிப்பைப் போட்டுத் தொழத் தொடங்கினேன். பாதித் தொழுகையில் ஊழியர் ஒருவர் வந்து தோளைத் தொட்டு, "இங்கே கூடாது" என்றார். தவறு யாருடையது?

பதில்: தொழுததில் எந்தத் தவறும் இல்லை; இடம் தேர்ந்ததில் சிறிது தவறு நேர்ந்திருக்கிறது. ஏழு மணி நேரம் கையில் இருந்தபோது, லவுஞ்சுக்குள் நுழைந்ததுமே வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் "நான் தொழ வேண்டும், இங்கே அதற்கென்று அறை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் மறுத்துவிடுவார்கள், கேட்காமல் செய்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற எண்ணம் அந்தக் கூச்சத்துக்குத் துணையாக வந்துவிடுகிறது. நான் அறிந்தவரை நடப்பது இதற்கு நேர்மாறானது. கேட்டவருக்கு ஊழியர் தாமே ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறார். பயன்பாட்டில் இல்லாத கூட்ட அறையைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. ஊழியர் காட்டிய இடத்தில் தொழுகிறவரிடம் அதன்பின் யாரும் வந்து ஆட்சேபிக்க இயலாது.

லவுஞ்சுக்குள் அறை இல்லாவிட்டாலும் விமான நிலையத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். லண்டன் ஹீத்ரூவின் முனையங்களில் எல்லாச் சமயத்தவருக்குமான வழிபாட்டு அறைகள் இருக்கின்றன. சிங்கப்பூர் சாங்கியிலும் அவ்வாறே. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் தியான மையம் இருக்கிறது. தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் பள்ளிவாசலே இருக்கிறது. இவற்றைத் தேடிச் செல்லுமுன் இரண்டு விவரங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அறை பாதுகாப்புச் சோதனைக்கு உட்புறம் இருக்கிறதா, வெளிப்புறம் இருக்கிறதா என்பது முதலாவது. வெளிப்புறம் இருந்தால் மீண்டும் வரிசையில் நின்று சோதனையைக் கடந்துவர வேண்டியிருக்கும். வேறு நாட்டில் விமானம் மாறுகிறவருக்கு வெளியே செல்ல அனுமதியே இல்லாமலும் போகலாம். ஒருமுறை வெளியேறினால் லவுஞ்சுக்குள் மறுபடி அனுமதிப்பார்களா என்பது இரண்டாவது; சில லவுஞ்சுகளில் அனுமதிப்பதில்லை.

அறை எதுவும் இல்லை, லவுஞ்சிலேயே தொழ வேண்டும் என்றால், இடத்தைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. கழிவறை, உணவு மேசை, வெளியேறும் வாசல் ஆகிய மூன்றையும் இணைக்கும் வழிகளில் ஆள் நடமாட்டம் ஓயவே ஓயாது. பரபரப்பான நேரத்தில் ஓர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலே, மக்கள் எந்த வழியாகப் போய்வருகிறார்கள், எந்த மூலைக்கு யாருமே வருவதில்லை என்பது தெரிந்துவிடும். கடைசி இருக்கை வரிசைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி, ஆள் அமராத சன்னலோரம், தூணின் பின்புறம் ஆகியவை பெரும்பாலும் பொருத்தமாக அமையும். அவசர வழிக் கதவின் முன்னும், தீயணைப்புக் கருவியின் முன்னும், சக்கர நாற்காலி திரும்புவதற்கென்று விடப்பட்ட இடத்திலும், அவை எவ்வளவு காலியாகத் தோன்றினாலும், விரிப்பைப் போடக் கூடாது.

தொழும்போது முகம் நோக்க வேண்டிய மக்காவின் திசையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இரும்பும் மின்கம்பிகளும் நிறைந்த கட்டடத்துக்குள் கைப்பேசியின் திசைகாட்டி அலைபாயும். அதை ஏந்திக்கொண்டு இருக்கைகளுக்கிடையே சுற்றிச் சுற்றி வருவது, அருகில் இருப்பவர்களுக்கு அவர்களைப் படம் பிடிப்பதுபோலத் தோன்றக்கூடும். விமான நிலைய வரைபடத்தில் ஓடுபாதை எந்தத் திசையில் செல்கிறது என்று பார்த்துவிட்டால் அதைக்கொண்டே கணித்துவிடலாம். பூமி உருண்டை என்பதால் குறுகிய வழியின் திசை சில ஊர்களில் நாம் எதிர்பார்ப்பதுபோல இராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நியூயார்க்கிலிருந்து மக்காவின் திசை வடகிழக்காகக் கணக்கிடப்படுகிறது.

பயணிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நான்கு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) கொண்ட தொழுகைகள், கஸ்ர் எனப்படும் சுருக்கத் தொழுகையாக இரண்டாகச் சுருங்குகின்றன. நண்பகல் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும், மாலைத் தொழுகையான மஃரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் சேர்த்துத் தொழப் பெரும்பாலான மத்ஹபுகள் (இஸ்லாமியச் சட்ட மரபுகள்) இடமளிக்கின்றன. அவற்றில் ஒன்றான ஹனஃபி வழியில் நிலை வேறு என்பதால், தத்தம் மத்ஹபின் விதியைப் பயணத்துக்கு முன்பே மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டு அறிந்துகொள்வது நல்லது. சலுகை பொருந்துமானால், நெரிசலான லவுஞ்சில் ஒருவர் இடத்தை எடுத்துக்கொள்ளும் நேரம் நான்கைந்து நிமிடங்களைத் தாண்டாது.

ஊழியர் தோளைத் தொட்டது பற்றி: வழியை மறிப்பதாலோ பாதுகாப்புக் காரணத்தாலோ உடனே நகர்த்தியாக வேண்டிய நிலை இல்லாதபோது, நீங்கள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை மூன்று நிமிடம் காத்திருந்து அவர் பேசியிருக்கலாம். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கக்கூடும். அப்படி ஒரு நிலையில் நீங்கள் தொழுகையை முறித்து நகர நேர்ந்திருந்தாலும் மனம் வருந்த வேண்டியதில்லை. உண்மையான தேவை ஏற்படும்போது முறித்துவிட்டுப் பின்னர் தொழுதுகொள்ள மார்க்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கேள்வி: நான் லவுஞ்சில் பணிபுரிகிறேன். வழியில் தொழுகிறவரை எப்படி நகரச் சொல்வது? சொன்னால் மத விரோதி என்கிறார்கள், சொல்லாவிட்டால் மற்ற பயணிகள் புகார் தருகிறார்கள்.

பதில்: உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. "இங்கே கூடாது" என்ற சொற்களை மட்டும் விட்டுவிடுங்கள். "அதோ அந்தச் சன்னலோரம் உங்களுக்கு இன்னும் வசதியாக இருக்கும், வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இடத்தைக் காட்டாமல் மறுப்பை மட்டும் சொல்லும்போதுதான் அது வழிபாட்டையே மறுப்பதாகக் காதில் விழுகிறது. உங்கள் மேலாளரிடம் பேசி, எந்த மூலையைக் காட்டலாம் என்பதை முன்பே முடிவுசெய்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் நீங்கள் தனியாக நின்று முடிவெடுக்க வேண்டியிராது. அந்த மூலையை எல்லாச் சமயத்தவருக்கும், கண்மூடி அமைதியாக இருக்க விரும்பும் எவருக்கும், ஒரே மாதிரி காட்டுங்கள்.

கேள்வி: கழிவறையில் ஒருவர் காலைத் தூக்கிக் கை கழுவும் தொட்டியில் வைத்துக் கழுவினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. தரையெல்லாம் தண்ணீர். இதைச் சுட்டிக்காட்டலாமா?

பதில்: தொழுகைக்கு முன் ஒளு என்னும் உடல் தூய்மை செய்வது கட்டாயம், முகம், கைகள், தலை, பாதங்கள் ஆகியவை அதில் அடங்கும். அந்தப் பயணிக்கு வேறு இடம் தரப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உங்கள் அருவருப்பு நியாயமானதே. பிறர் முகம் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் பயன்படுத்தும் தொட்டி அது.

பாதம் கழுவும் பயணிகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். ஒருநாள் அதிகாலையில் ஒரு லவுஞ்சின் கழிவறையில் துப்புரவுப் பணியாளர் ஒருவரைக் கண்டேன். ஈரத்தில் யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று மஞ்சள் பலகையை நிறுத்திவிட்டு, தரையைத் துடைத்து முடித்து நிமிர்வதற்குள் அடுத்தவர் வந்து காலை நனைத்துச் சொட்டச் சொட்ட நடந்து போனார். பணியாளர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. துடைப்பத்தை மறுபடி எடுத்தார். நான் அங்கே நின்ற கால்மணி நேரத்துக்குள் அவர் அதே இடத்தை மூன்று முறை துடைத்தார். நம்மைத் தூய்மைப்படுத்தும் தண்ணீர் இன்னொருவரின் முதுகை வளைக்கிறது என்பது அன்றைக்கு என் மனத்தில் பதிந்தது; இன்றுவரை அகலவில்லை.

வழிகள் இருக்கின்றன. முழு ஒளுவுடன் தோல் காலுறை அணிந்திருப்பவர், பயணத்தில் மூன்று பகலும் மூன்று இரவும் அதைக் கழற்றாமல் அதன்மேல் ஈரக்கையால் தடவிக்கொண்டால் போதும். கெட்டியான துணிக் காலுறைக்கும் இதை ஏற்கும் அறிஞர்கள் உண்டு. வீட்டிலிருந்து புறப்படுமுன் ஒளு செய்து காலுறை அணிந்துகொள்கிறவருக்கு விமான நிலையத்தில் காலைத் தூக்கவேண்டிய அவசியமே வராது. அது இயலாதவர், சிறிய புட்டியில் நீர் பிடித்துக்கொண்டு கழிப்பறைத் தடுப்புக்குள்ளோ, தரையில் நீர் வடியும் துளைக்கு அருகிலோ பாதத்தை நனைத்துக்கொள்ளலாம். ஒளுவுக்குப் பெருகி ஓடும் தண்ணீர் தேவையில்லை, உறுப்பு நனைந்தால் போதும் என்பதை மார்க்கம் அறிந்தவர்கள் அனைவரும் சொல்வார்கள். தொட்டியைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், முடிந்ததும் காகிதத்தால் தொட்டியின் விளிம்பையும் தரையையும் துடைத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும்.

சுட்டிக்காட்டலாமா என்று கேட்டீர்கள். அவரிடம் முகம் சுளிப்பதற்குப் பதிலாக, பாதம் கழுவ ஒரு தாழ்வான குழாய் வேண்டும் என்று லவுஞ்சின் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். தொழாதவர் ஒருவர் அதை எழுதினால் அதற்குத் தனி மதிப்பு இருக்கும்.

கேள்வி: என் இருக்கைக்கு எதிரே ஒருவர் தொழ ஆரம்பித்துவிட்டார். என் பை அவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. குறுக்கே போகலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செய்தது சரியா?

பதில்: மிகவும் சரி. தொழுகிறவருக்கும் அவர் நெற்றி படும் இடத்துக்கும் இடையே கடந்து செல்வதை முஸ்லிம்கள் தவிர்க்கிறார்கள். அவருக்குப் பின்புறமாகச் செல்வதில் எந்தத் தடையும் இல்லை. வழியே இல்லையென்றால் அந்த நெற்றி படும் இடத்துக்கு அப்பால், சற்று விலகிச் செல்லலாம். தொழுகிறவர் தம் முன்னால் ஒரு நாற்காலியையோ பையையோ தடுப்பாக வைத்திருந்தால், அதற்கு அந்தப் பக்கம் நடப்பதில் தயக்கமே வேண்டாம். அப்படி ஒரு தடுப்பை வைத்துக்கொள்வதற்கு சுத்ரா என்று பெயர். பிறருக்கு வழிவிடவே அது ஏற்பட்டது. ஆகவே லவுஞ்சில் தொழுகிறவர்கள் அதை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன்.

யூதப் பயணி ஒருவர் இரு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய அசையாமல் நிற்பதைக் காணலாம். தம் வழிபாட்டில் நின்றபடி ஓத வேண்டிய பகுதியை அவர் ஓதிக்கொண்டிருக்கிறார்; அப்போது அவர் பேசமாட்டார், நகரமாட்டார். நீங்கள் "மன்னிக்கவும், இந்த இருக்கை காலியா?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் மூன்றடி பின்னோக்கி வைத்ததும் அது முடிந்துவிடும். செபமாலை உருட்டுகிறவர், கண்மூடி ஜபிக்கிறவர், தியானத்தில் அமர்ந்திருப்பவர் ஆகியோருக்கும் இதே பொறுமை போதும்.

ஒருமுறை லவுஞ்சில் என் எதிரே முதியவர் ஒருவர், தம் சால்வையை நான்காக மடித்துத் தூணுக்குப் பின்னால் விரித்துக்கொண்டு தொழுதார். மண்டியிடும்போது தூணை ஒரு கையால் பற்றிக்கொண்டார். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்த ஆறேழு வயதுச் சிறுமி, அவர் நெற்றியைத் தரையில் வைத்ததைக் கண்டதும் சட்டென்று நின்றாள். பெட்டியின் சக்கரச் சத்தம் கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அதை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் சுற்றி, நுனிக்காலில் நடந்துபோய் அப்பால் இறக்கி வைத்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இரண்டு கடிதங்களில் அது இருந்தது. வழிபடுகிறவரைப் போற்றும் எண்ணத்தோடு எடுத்தாலும், கேலிக்காக எடுத்தாலும், அவர் தடுக்க முடியாத நிலையில் இருக்கும்போது எடுக்கிறீர்கள். எடுக்காதீர்கள்.

கேள்வி: தொழும் நேரத்தில் என் பையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். அறிமுகமில்லாதவர் பையைப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று விமான நிலையத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள்; கேட்கப்படுகிறவர் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் தவிப்பார். விரிப்புக்கு முன்னால் உங்கள் பையையே வைத்துக்கொள்ளுங்கள். பையும் கண்ணெதிரே இருக்கும், மேலே சொன்ன சுத்ராவும் அமைந்துவிடும். காலணிகளை வழியில் விடாமல் பைக்கு அருகிலேயே ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: காலையில் பக்திப் பாடல் கேட்காமல் எனக்கு நாள் தொடங்காது. லவுஞ்சில் கைப்பேசியில் மெல்லிய ஒலியில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் கோபித்துக்கொண்டார்.

பதில்: அவர் கோபித்தது சரிதான். உங்களுக்கு மெல்லியதாகக் கேட்கும் ஒலி, இரவெல்லாம் பறந்து வந்து அரைமணி நேரம் கண்ணயர முயல்கிறவருக்கு மெல்லியது அல்ல. காதொலிப்பான் அணிந்துகொள்ளுங்கள். தொழுகை நேரத்தை அறிவிக்கும் கைப்பேசிச் செயலியின் பாங்கோசைக்கும் இது பொருந்தும். லவுஞ்சுக்குள் நுழைந்ததும் அதை அதிர்வுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஜபத்தை வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசையச் சொல்வது, மனத்துக்குள்ளேயே சொல்வது என்று மூன்றாகப் பிரித்து, மனத்துக்குள் சொல்வதையே உயர்ந்ததாக நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள். லவுஞ்சில் அந்த மூன்றாவதைப் பழக நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. சிலராகச் சேர்ந்து வழிபட விரும்புகிறவர்களுக்கு மட்டும் இதில் சிக்கல் உண்டு. கூட்டாகத் தொழுகிற முஸ்லிம்கள் ஆகட்டும், கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டிய யூதர்கள் ஆகட்டும், சேர்ந்து ஜெபிக்கும் கிறிஸ்தவக் குழுவினர் ஆகட்டும், அவர்கள் அனைவரும் விமான நிலையத்தின் வழிபாட்டு அறைக்குச் செல்வதே முறை. மூன்று நான்கு பேர் வரிசையாக நின்றாலே லவுஞ்சில் ஒரு நடைவழி அடைபட்டுவிடுகிறது. அறை இல்லாவிட்டால் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே வழிபடலாம்.

கேள்வி: சிறிய அகல் விளக்கு அல்லது ஊதுவத்தி ஏற்றலாமா?

பதில்: கூடாது. புகை உணரும் கருவி ஒலித்தால் லவுஞ்சையே காலி செய்ய நேரிடும். வழிபாட்டு அறையிலும் இதே விதிதான்.

கேள்வி: பொது இடத்தில் தொழுதால் என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பார்களோ என்று அஞ்சி, பயணத்தில் தொழுகையையே விட்டுவிடுகிறேன். இந்த அச்சம் வீணானதா?

பதில்: வீணானது என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்த என்னால் இயலாது. 2006 நவம்பரில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் விமான நிலையத்தில் ஆறு இமாம்கள் விமானத்திலிருந்து இறக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். ஏறுவதற்கு முன் அவர்களில் சிலர் வாயிலருகே தொழுததும், வேறு சில ஐயங்களும் சேர்ந்து, பயணி ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பில் அது தொடங்கியது. அவர்களிடம் குற்றம் எதுவும் காணப்படவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கு 2009-இல் சமரசத்தில் முடிந்தது. 2010 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லூயிவில் சென்ற விமானம் ஒன்று வழியில் பிலடெல்பியாவில் இறக்கப்பட்டது. பதினேழு வயது யூத இளைஞர் ஒருவர் காலை வழிபாட்டுக்காகக் கையிலும் நெற்றியிலும் தெஃபிலின் அணிந்திருந்ததே காரணம். திருவசனங்கள் எழுதிய தோல்சுருள்களை உள்ளே வைத்த சிறிய கறுப்புப் பெட்டிகளும், அவற்றைக் கட்டும் தோல் வார்களுமே தெஃபிலின். அதை முன்பின் கண்டிராதவர்களுக்கு அது வெடிபொருளாகத் தோன்றிவிட்டது.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் அச்சம் பிறந்தது அறியாமையிலிருந்து என்பதை நினைக்கும்போது, வழிபடுகிறவர் பக்கமிருந்து ஒரே ஒரு வாக்கியம் பெரிதும் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. விரிப்பை எடுக்குமுன் அருகில் இருப்பவரைப் பார்த்து, "நான் இங்கே ஐந்து நிமிடம் தொழப் போகிறேன், உங்களுக்குச் சிரமம் இருக்குமா?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து "சிரமம்தான்" என்று யாரும் சொன்னதில்லை; மாறாக, எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தவர்கள் உண்டு. விமானத்துக்குள் தெஃபிலின் அணிய விரும்புகிறவர் பணிப்பெண்ணிடம் அது என்னவென்று முன்பே சொல்லிவிடலாம். லவுஞ்சிலேயே அந்த வழிபாட்டை முடித்துக்கொள்ள நேரம் அமைந்தால் இன்னும் நல்லது. இப்படி விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதே நியாயமில்லை என்று நீங்கள் கருதினால் அதை நான் மறுக்கமாட்டேன். அந்தச் சுமை வழிபடுகிறவர் தலையில் விழக் கூடாதுதான். ஆயினும் உங்கள் தொழுகையை நீங்கள் இழப்பதைவிட ஒரு வாக்கியம் சொல்வது இலகுவானது.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவருடைய செயல் உண்மையிலேயே உங்களுக்குக் கலக்கம் தந்தால் ஊழியரிடம் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். ஆனால் சொல்லுமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் தொழுதார் என்பதை நீக்கிவிட்டுப் பார்த்தால் சொல்வதற்கு வேறு ஏதேனும் மிஞ்சுகிறதா? பையை விட்டுவிட்டு நகர்ந்தார், பூட்டிய கதவைத் திறக்க முயன்றார் என்று ஏதேனும் இருந்தால் அதைச் சொல்லுங்கள். எதுவும் மிஞ்சவில்லையென்றால், ஒருவர் வழிபட்டார் என்பதைத் தவிர நீங்கள் கண்டது எதுவும் இல்லை.

கேள்வி: எல்லாச் சமயத்தவருக்குமான வழிபாட்டு அறைக்குச் சென்றால், ஒருவர் காலை நீட்டித் தூங்குகிறார், இன்னொருவர் கைப்பேசியில் வியாபாரம் பேசுகிறார். அந்த அறையில் யாருக்கு உரிமை?

பதில்: வழிபாட்டுக்கோ அமைதிக்கோ வருகிற எவருக்கும் உரிமை. தூங்குவதற்கும் பேசுவதற்கும் அந்த அறை இல்லை. ஊழியரிடம் சொல்லிச் சரிசெய்யலாம்.

இத்தகைய அறைகள் உருவான வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அவற்றைப் பயன்படுத்தும் முறையும் விளங்கும். 1951-இல் பாஸ்டன் விமான நிலையத்தில் கத்தோலிக்க ஆலயம் ஒன்று கட்டப்பட்டது. பயணிகளைவிட, இரவு பகலாகப் பணிபுரிந்த விமான நிலையத் தொழிலாளர்களை எண்ணியே அதைக் கட்டினார்கள். இன்று கென்னடி பெயர் தாங்கிய நியூயார்க் விமான நிலையத்தில் 1960-களில் கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டுகளுக்கும் யூதர்களுக்கும் மூன்று தனி ஆலயங்கள் அருகருகே நின்றன. விமான நிலையம் விரிவடைந்தபோது அவை இடிக்கப்பட்டு, பின்னர் முனையத்துக்குள் அடுத்தடுத்த சிறு அறைகளாக மாறின. இன்று புதிதாகக் கட்டப்படும் பல முனையங்களில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறைதான். ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு கட்டடம் இருந்த காலத்தில் தேவைப்படாத விட்டுக்கொடுத்தல் இப்போது தேவைப்படுகிறது.

நுழையும்போது உள்ளே ஒருவர் வழிபாட்டில் இருந்தால், அவர் முடிக்கும்வரை ஓரமாக நில்லுங்கள், அல்லது அவருக்கு எதிரே வராத இடத்தில் அமருங்கள். நாற்காலிகளை நகர்த்தியிருந்தால் போகும்போது பழையபடி வையுங்கள். விரிப்பை மடித்து அலமாரியில் வையுங்கள். அங்குள்ள பிற சமய நூல்களை அடியில் தள்ளிவிட்டு உங்கள் நூலை மேலே வைப்பதும், துண்டறிக்கைகளை விட்டுச் செல்வதும், சுவரில் படத்தை ஒட்டுவதும் அந்த அறைக்குப் பொருந்தாத செயல்கள். விரிப்பு போட்ட பகுதியில் காலணியோடு நடக்க வேண்டாம். உங்கள் சமயத்தில் அதற்குத் தடை இல்லாவிட்டாலும், சற்று நேரத்தில் அதே இடத்தில் ஒருவர் நெற்றியை வைக்கப்போகிறார். தனியாக ஒரு பெண் உள்ளே இருந்தால், பின்னால் வருகிற ஆண்கள் அவருக்கு நெருக்கமாக நின்றுகொள்ளாமல் தள்ளி நிற்கட்டும். அவர் தொழுகையைச் சுருக்கிக்கொண்டு வெளியேற நேர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன், அது மிகவும் வருத்தமளிக்கிறது.

கேள்வி: தொழுதுகொண்டிருக்கும்போதே என் விமானத்துக்கான அழைப்பு வந்துவிட்டது. முடித்துவிட்டுத்தான் போனேன். கடைசி ஆளாக ஏறியபோது எல்லாரும் முறைத்தார்கள்.

பதில்: பல லவுஞ்சுகளில் விமான அழைப்புகளை ஒலிபரப்புவதில்லை, திரையைப் பார்த்து நாமே புறப்பட வேண்டும். ஆகவே தொழத் தொடங்குமுன் திரையில் வாயில் எண்ணையும் நேரத்தையும் பார்த்து, அந்த வாயிலுக்கு நடந்து செல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விமான நிலையங்களில் உள்ளோடும் ரயிலில் ஏறித்தான் சில வாயில்களை அடைய முடியும்.

பெட்டியை ஒப்படைத்த பயணி வந்து சேராவிட்டால், பெரும்பாலும் பாதுகாப்பு விதிப்படி அவருடைய பெட்டியைச் சரக்கறையிலிருந்து தேடி எடுத்து இறக்கிய பிறகே விமானம் கிளம்பும். அதற்காக அத்தனை பயணிகளும் இருக்கையில் கட்டுண்டு காத்திருப்பார்கள். அவர்களில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள், மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்க விரைகிறவர்களும் இருக்கலாம். நேரம் நெருக்கடியாக இருந்தால், முதலில் வாயிலுக்குச் சென்றுவிடுங்கள். அங்கே ஏறுவதற்கான வரிசை நீண்டிருக்கும்போது, அது குறையும்வரை கடைசி இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ரக்அத்தை நிறைவேற்றப் பெரும்பாலும் நேரம் கிடைக்கும். ஊழியரிடம் "இதோ வந்துவிடுகிறேன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.